முராகியின் தலைகீழ் முத்திரை

எங்கள் கம்பெனியின் நாற்பதாவது ஆண்டு மலர் போன மாதம் வந்தது. வழவழ தாளில் முந்நூறு பக்கம். ‘வெள்ளை நரி’ வீடியோ கேம் வரிசைக்கு மட்டும் இருபத்திரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இசை போட்டவர், நரிக்கு வால் வரைந்தவர், விளம்பரத்தில் நரி வேஷம் கட்டி ஆடியவர்வரை எல்லோருக்கும் படம் உண்டு. முராகிக்கு ஒரு வரிகூட இல்லை. அவன் கம்பெனியை விட்டுப் போய், பார்சல் வண்டி ஓட்டி, செத்தும் மூன்று வருடமாகிவிட்டது. அவன் சாவுக்கு இங்கிருந்து ஒரு பூங்கொத்து போகவில்லை. அவனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

நாங்கள் இருவரும் எண்பத்து மூன்றாம் வருடம் ஏப்ரலில் ஒசாகாவில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே ஏப்ரலில் சேர்ந்தவர்கள், எவன் எந்தப் பதவிக்குப் போனாலும், கடைசிவரை வாடா போடாதான். முராகி டோண்டபயாஷிக்காரன், முடிதிருத்தும் கடைக்காரரின் மகன். அவனுக்குப் படம் வரையத் தெரியாது, புரோகிராம் எழுதத் தெரியாது, கதை சொல்லவும் வராது. ஒரு கேமில் பிழை தேடுகிற பையன்களில் ஒருவனாகச் சேர்ந்து, மெதுவாகத் திட்டப் பிரிவுக்கு வந்தவன். அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, மனுஷன் முகத்தைப் பார்ப்பது. சின்ன வயதில் அப்பா கடையில் உட்கார்ந்து, முடி வெட்டி முடிந்ததும் கண்ணாடியில் தெரியும் முகங்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

“நல்லாருக்குன்னு சொல்றவன்ல பாதிப் பேருக்குப் பிடிக்கலடா இதகுரா. வாய் அப்புறமாத்தான் பேசும். முகம் முன்னாடியே சொல்லிடும்” என்பான்.

சனிக்கிழமை ஆனால் நிப்பொன்பாஷி கடைத்தெருவுக்குப் போய்விடுவான். கையில் ஒரு டப்பா காப்பியோடு, ஆடிப் பார்க்க வைத்திருக்கும் கேம் பெட்டிகளின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பான். கேமை அவன் பார்க்க மாட்டான். ஆடுகிறவர்களைப் பார்ப்பான். திங்கட்கிழமை வந்து, இது இத்தனை விற்கும் என்று ஒரு எண் சொல்வான். பத்து வருடத்தில் அந்த எண் பெரிதாகத் தவறி நான் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் கடைக்காரர் எடுத்த சரக்கைத் திருப்பித் தர முடியாது, விற்காவிட்டால் அவர் தலையில்தான். அதனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஊரெல்லாம் கடைக்காரர்கள் போன் செய்து, “முராகி சார் எவ்வளவு எடுக்கச் சொல்றார்?” என்று கேட்பார்கள். விற்பனைப் பிரிவில் போனை எடுக்கிறவன் நான். என் கருத்தை ஒரு பயல் கேட்டதில்லை.

தொண்ணூற்று நான்கில் ஊரில் இருக்கிற மின்சாதனக் கம்பெனிக்கெல்லாம் கேம் பெட்டி ஆசை வந்தது. அரிசிக் குக்கரும் துணி துவைக்கும் இயந்திரமும் செய்துகொண்டிருந்த மினாசே கம்பெனிக்கும் வந்தது. பெட்டி விற்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு நல்ல கேம் வேண்டும். நல்ல கேம் வேண்டுமானால் பெட்டி ஏற்கெனவே வீடுகளில் இருக்க வேண்டும். யாராவது ஒருவர் முதலில் குதித்தாக வேண்டும். மினாசேயின் தலைவரும் எங்கள் முதலாளியும் ஒரே பள்ளியில் பேஸ்பால் ஆடியவர்கள். கோல்ஃப் மைதானத்தில் கைகுலுக்கிவிட்டார்கள்: ‘வெள்ளை நரி’ நான்காம் பாகம் மினாசே பெட்டிக்கு மட்டும். குதிப்பது நாங்கள் என்றானது.

சோதனைக்காக இரண்டு வாரம் கடையில் வைத்திருந்த மினாசே பெட்டியை முராகி போய்ப் பார்த்தான். திரும்பி வந்தவன் முகம் செத்திருந்தது.

“படமெல்லாம் அழகாத்தான்டா இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் டிஸ்க் சுத்தி முடிக்க முப்பத்தெட்டு வினாடி ஆகுது. பன்னெண்டாவது வினாடிலயே கன்ட்ரோலரைக் கீழ வச்சிடறாங்க. கண்ணு பக்கத்து அலமாரிக்குப் போயிடுது. திரும்பி வர்றதே இல்ல.”

“எவ்வளவு போகும்?”

“முதல் வருஷம் ஒன்றரை லட்சம் பெட்டி. அதுவே அதிகம்.”

எங்கள் பிரிவுத் தலைவர் ஓனுமா முதலாளியிடம் சொல்லியிருந்த எண் பத்து லட்சம். ஒன்றரை லட்சம் பெட்டிக்கு ஒரு பெரிய கேமை வெளியிட்டால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. நரி வரிசை அதோடு தீர்ந்தது. அதைச் செய்துகொண்டிருந்த ஹமுராவின் குழுவில் முப்பத்தொரு பேர், மூன்று வருட உழைப்பு, அதுவும் தீர்ந்தது. முராகிக்கு அந்த முப்பத்தொரு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். டிசம்பர் கூட்டத்தில் இதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவனுக்கு வெறியாக இருந்தது.

எங்கள் ஊரில் எதையும் திடுதிப்பென்று கூட்டத்தில் போட்டு உடைப்பது மரியாதையில்லை. முன்னாடியே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி வைக்க வேண்டும். முராகி இரண்டு வாரம் அலைந்தான். கணக்குப் பிரிவுத் தலைவர் உடோன் கடையில் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே, “நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிய்யா” என்றார். விளம்பரப் பிரிவு அம்மா, “நீ பேசு, நாங்க இருக்கோம்” என்றார். மாடிப்படி ஓரத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஹமுரா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். இப்படி ஏழு பேர். எட்டாவது ஆள் நான். மதியச் சாப்பாட்டுக்கு, முட்டைக்கோஸ் அடை மாதிரி கல்லில் சுட்டுத் தின்கிற ஒகோனோமியாகி கடைக்குக் கூட்டிப் போனான்.

“நீ ஒண்ணும் பெருசாப் பேச வேணாம். நான் பேசி முடிச்சதும் ‘எனக்கும் அப்படித்தான் தோணுது’ன்னு ஒரே ஒரு வார்த்தை. ரெண்டாவது குரல் ஒண்ணு வந்துட்டா மத்தவங்க தானா வாயத் தொறப்பாங்க.”

“இதுக்கா இவ்ளோ பீடிகை? சொல்றேன்டா.”

“முதலாளி மூஞ்சியப் பாக்காத. பாத்தா உனக்கு வராது.”

“ஏன், என் வாயில என்ன மோச்சிக் கொழுக்கட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கு? சொல்றேன்னா சொல்றேன்.”

அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். அப்புறம் கல்லில் வெந்துகொண்டிருந்ததைத் திருப்பிப் போட்டான். அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

டிசம்பர் கூட்டத்தில் முதலாளியைத் தவிரப் பத்துப் பேர் இருந்தோம். குறிப்பு எழுதுவது என் வேலை. முராகி எழுந்து பத்து நிமிஷம் பேசினான். குரலை உயர்த்தவில்லை, யாரையும் குத்திக் காட்டவில்லை. முப்பத்தெட்டு வினாடியைச் சொன்னான், பன்னிரண்டு வினாடியைச் சொன்னான், ஒன்றரை லட்சத்தைச் சொன்னான். சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

“முராகி எப்பவுமே ஜாக்கிரதையான ஆளு” என்றார் ஓனுமா சிரித்துக்கொண்டே. “வேற யாராவது ஏதாவது சொல்றீங்களா?”

எனக்கான இடம் அதுதான். வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முதலாளியின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். அவர் கோபமாகக்கூட இல்லை. எவன் வாயைத் திறக்கிறான் பார்க்கலாம் என்று சும்மா காத்திருந்தார். ஹமுரா மேலே விளக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். விளம்பர அம்மா கண்ணாடியைத் துடைத்தார். கணக்குக்காரருக்கு இருமல் வந்தது. மினாசே பெட்டியின் முன்னால் நின்ற ஜனங்களாவது பன்னிரண்டு வினாடி தாக்குப் பிடித்தார்கள். எனக்கு அதுவும் முடியவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். அவமானம் என்று ஒன்று உண்டென்றால் அது எனக்கு அந்த மேஜையில்தான் ஆரம்பித்தது.

கூட்டம் முடிந்ததும் ஓனுமா என் மேஜைக்கு வந்தார்.

“விவாதிக்கப்பட்டது, ஆட்சேபணை எதுவும் எழவில்லைன்னு போட்டுடு.”

“முராகி பேசினத சார்...?”

“அது அவன் அபிப்பிராயம்யா. ஒருத்தன் பேசினா அபிப்பிராயம். நாலு பேர் பேசினாத்தான் ஆட்சேபணை. எழுதாத.”

எழுதவில்லை.

அடுத்த வாரம் ஒப்புதல் தாள் சுற்றுக்கு வந்தது. பத்துக் கட்டம், கையெழுத்துக்குப் பதிலாகப் பத்துப் பெயர் முத்திரை. கீழே இருக்கிறவன் தன் முத்திரையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்து வைப்பான், மேலதிகாரிக்கு வணக்கம் சொல்கிற மாதிரி. இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. வாயால் மறுக்க முடியாதவன் முத்திரையைத் தலைகீழாக வைக்கலாம். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் செய்வதில்லை. முடிவாகிவிட்ட காரியத்தில் தாளை நிறுத்தி வைத்தால் ஹமுராவின் ஆட்களுக்குத்தான் நாள் வீணாகும் என்று முராகி கட்டத்தைக் காலியாக விடவில்லை. ஆனால் அவன் பெயர் தலைகீழாக நின்றது. எனக்கு அடுத்த கட்டம். பார்த்தேன். என் முத்திரையை, அழகாகச் சாய்த்து, பக்கத்தில் வைத்தேன்.

ஓனுமா அதோடு விடவில்லை. கடைகளுக்கு அனுப்பிய விளம்பரத் தாளில் ‘திட்டம்: முராகி’ என்று அச்சடித்துவிட்டார். கடைக்காரர்களின் போன் எதுவும் முராகிக்குப் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. முராகி சார் பெயர் இருக்கிறதே என்று கடைக்காரர்கள் நம்பி எடுத்தார்கள்.

முதல் வருடம் விற்ற மினாசே பெட்டி ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். பதினெட்டாவது மாதம் மினாசே, மறுபடியும் குக்கரே போதும் என்று கை கழுவிக்கொண்டது. நான்காம் பாகம் கடைகளில் தூசி தின்றது. சகாய் ஊரில் ஒரு கடைக்கார அம்மா கடையை மூடுகிற அன்று கம்பெனிக்கே நேரில் வந்துவிட்டார். வரவேற்பறையில் முராகியைப் பார்த்து, “உங்களைத்தானே சார் நம்பினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். அவன் இடுப்பு ஒடிய வணங்கி நின்றான். நிமிரவே இல்லை. ஹமுராவின் முப்பத்தொரு பேரும் சிதறினார்கள்.

அப்புறம் விசாரணை. எவன் தலையிலாவது கட்ட வேண்டுமே. முதலாளி நடுவில், ஓனுமா பக்கத்தில். பழைய ஒப்புதல் தாளை மேஜையில் விரித்தார் ஓனுமா.

“முராகி, உன் முத்திரை ஏன் தலைகீழா இருக்கு?”

“எனக்குச் சம்மதமில்லைன்னு அர்த்தம் சார்.”

“அப்போ இது ஓடாதுன்னு உனக்குத் தெரியும்?”

“தெரியும் சார். கூட்டத்துல சொன்னேனே.”

“சொன்னியா? இதகுரா, குறிப்பைப் படி.”

படித்தேன். “விவாதிக்கப்பட்டது. ஆட்சேபணை எதுவும் எழவில்லை.”

ஓனுமா முதலாளி பக்கம் திரும்பினார். “நாங்க ஒன்பது பேரும் தெரியாம வச்சோம் சார். தெரியாதவன் தப்புப் பண்றது சகஜம். தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். தெரிஞ்சும் ஊமை மாதிரி ஒரு முத்திரையைக் கவுத்து வச்சிட்டு உக்காந்திருக்கான்.”

முராகி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஆமா சார். இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும்” என்று சொல்லி வணங்கினான். நான் தேநீரை எடுத்துக் குடித்தேன். மற்றவர்களும் குடித்தார்கள்.

அவனைத் துறைமுகப் பக்கம் இருக்கிற கிடங்குக்கு மாற்றினார்கள். எங்களிடமே தங்கிப்போன நான்காம் பாகத்தின் டிஸ்க்குகளை அழிக்கிற வேலை. ஒரு சனிக்கிழமை, மனசு தாங்காமல், ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். சிமென்ட் தரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உறையைக் கிழித்து, காகிதத்தை ஒரு பக்கமும் டிஸ்க்கை இன்னொரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு நாற்காலி விரித்தான்.

நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். கூட்டத்தில் நான் பேசியிருக்க வேண்டும், குறிப்பில் பொய் எழுதினேன், நீ சொன்னது எல்லாம் சரி, தப்பு என்னுடையது என்று சொல்லி அழுதேன். அவன் கையிலிருந்த உறையைக் கிழித்து முடித்தான்.

“இதுக்கு முன்னாடி ஹமுரா வந்தாரு. கணக்குக்காரர் வந்தாரு. அந்த அம்மாவும் வந்தாங்க. எல்லாரும் தனித்தனியா, இதே மாதிரி இனிப்போட. இதையும் தனியாத்தான் வந்து சொல்றீங்க, பாத்தியா?”

இனிப்புப் பெட்டியை அவன் விரித்த நாற்காலியில் வைத்தேன்.

“திங்கக்கிழமை கூட்டம் இருக்குல்ல? அங்க சொல்லுடா.”

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். அவன் இந்த முறை என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அடுத்த உறையை எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கூட்டம். எல்லாம் பேசி முடித்ததும் ஓனுமா, “வேற யாராவது ஏதாவது சொல்றீங்களா?” என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.