மூன்று மணிச் சத்தம்

தட்... தட்... தட்...

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் ஜெயசித்ரா டீ டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மணி மூன்று. பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டுவிட்டு அரியலூர் வெயிலில் வீடு திரும்பிக் கண்ணயர்ந்தால் போதும். மூடிய அறைக்குள் கலையரசன் ஸ்கிப்பிங் ஆடத் தொடங்கிவிடுவான். மூன்று மாதமாக இப்படித்தான்.

மூத்த மகன் கலையரசன் செத்து இரண்டு வருஷமாகிறது. ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டி விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இதயச் சுவர் தடித்திருந்ததாம். அன்று பூட்டிய அவன் அறையை அவள் திறக்கவில்லை. சத்தத்தைப் பற்றியும் மூச்சு விடவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதைவிடப் பெரிய பயம், சொன்னால் அவன் வராமல் போய்விடுவானோ என்பது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பி.டி. வாத்தியார் மாயவன். இளையவன் பூவரசனின் ஸ்கேன் முடிவை விசாரிக்க வந்திருந்தார். போலீஸ் வேலைக்காக ஓடிக்கொண்டிருந்த அவனுக்கும் இதயச் சுவர் தடித்திருந்தது. "ஓடி ஓடித் தடிச்ச இதயமும் இப்படித்தான் தெரியும், நோயில தடிச்சதும் இப்படித்தான் தெரியும். மூணு மாசம் ஓடாம இருக்கட்டும். ஓட்டத்தால வந்ததுன்னா இளைக்கும்" என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார்.

"மூணு மாசம் முடிஞ்சு நேத்து மறுபடி பாத்தாங்க சார். ஒரு நூல்கூட இளைக்கல. நோய்தானாம். இனிமே ஓடவே கூடாதாம்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாயவன் தலை நிமிர்ந்தார். "உள்ள யாரும்மா ஸ்கிப்பிங் ஆடறது?"

டம்ளர் விழுந்து உருண்டது.

"உங்களுக்கும்... கேக்குதா சார்?"

ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். அறையின் கொல்லைப்பக்கக் கதவு திறந்து கிடந்தது. அண்ணனின் கயிறோடு, வேர்வையில் நனைந்த பனியனோடு நின்றான் பூவரசன்.

"தெனமும் லைப்ரரிக்குப் போறேன்னியேடா!"

"ஓடக் கூடாதுன்னுதானேம்மா சொன்னாரு? நின்ன எடத்துலதானே குதிக்கிறேன்? தம்மு கொறஞ்சா போலீஸ் செலக்சன்ல எப்படி நிப்பேன்?"

"மடப்பயலே!" மாயவன் கத்தினார். "குதிச்சா நெஞ்சுக்கு ஓய்வு ஏதுடா? அது எப்படி இளைக்கும்? அம்மா, இந்த ஸ்கேனை நம்ப முடியாது. நோய் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

பளாரென்று மகனை அறைந்தாள். அறைந்த கை விலகுமுன் அவன் மார்பில் காதை வைத்துக்கொண்டு கதறினாள். உள்ளே அடித்த அடி, நோயின் அடியா, ஓட்டத்தின் அடியா? அவளுக்கு எப்படித் தெரியும்? இளையவனுக்கு ஒரு கதவு திறந்த அதே நொடியில், தினமும் மூன்று மணிக்கு வந்துபோன மூத்தவன் இரண்டாம் முறை செத்துப்போயிருந்தான்.

கயிற்றைப் பிடுங்கினாள். கைப்பிடியில் பேனாவால் எழுதிய 'கலை' பாதி அழிந்திருந்தது. முத்தமிட்டு மாயவனிடம் நீட்டினாள்.

"கொண்டு போயிடுங்க சார். வூட்டுல இருந்தா இவன் கை சும்மா இருக்காது."

"கலையோடதும்மா..."

"தெரியும் சார்."

"மூணு மாசம் அசைய மாட்டேன் சார், அண்ணன் மேல சத்தியம்" என்றான் பூவரசன்.

மாயவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்த ஜெயசித்ரா, உள்ளறைப் பக்கம் காது கொடுத்தாள். ஒரு சத்தமுமில்லை. வாசல் கதவைச் சாத்தினாள்.