எவோதியோ மகளுக்குச் செருப்பு மாட்டிய விதம்

எங்கள் பக்கத்தில் குதிரை வைத்திருக்கிறவர்களில் எவோதியோவைத் தெரியாதவர் கிடையாது. லாடம் அடிப்பது அவர் தொழில். உதைக்கிற குதிரையைக்கூட நாலு வார்த்தை பேசிப் பணிய வைத்துவிடுவார். ஆனால் பாட்டுச் சத்தம் கேட்டால் ஆளைக் காண முடியாது. தன் கல்யாணத்திலேயே வாத்தியம் தொடங்கியதும், கோவேறு கழுதைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனவர். கழுதை நன்றாகத்தான் இருந்தது. பாவம், மனைவி தொமித்தில்லா மாமனாரோடு ஆடினாள்.

அவர்களுடைய ஒரே மகள் நயேலிக்குப் பதினைந்து வயது நிறைந்தது. அந்தப் பிறந்தநாளை எங்களில் யாரும் சும்மா விடமாட்டோம். கோயிலில் பூசை, அப்புறம் மண்டபத்தில் விருந்து. கேக்குக்கு ஒரு ஞானத்தாய், கிரீடத்துக்கு ஒரு ஞானத்தாய் என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்றின் செலவை ஏற்றுக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரியான எனக்குக் கிடைத்தது செருப்பு. அப்பா மண்டியிட்டு மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஹீல்ஸ் மாட்டிவிட வேண்டும். அதோடு அவள் பெரிய பெண். பிறகு எல்லார் முன்னாலும் இருவரும் கைகோத்துச் சுற்றிச் சுற்றி வால்ட்ஸ் ஆட வேண்டும். சிக்கலே அங்கேதான்.

விழாவுக்கு முந்தின வாரம் எவோதியோ என் வீட்டு வாசலில் வந்து தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"அக்கா, செருப்பை நான் மாட்டிடுறேன். ஆட்டத்தை மட்டும் தம்பி ருஃபீனோ ஆடிடட்டும். டெக்சாஸ்லேர்ந்து வந்து, பூட்ஸைத் துடைச்சுக்கிட்டு சும்மாதானே உக்காந்திருக்கான்."

"ஏன்ப்பா, பொண்ணு உன்னோடதா, அவனோடதா?"

"கூட்டத்துக்கு நடுவுல நின்னாலே முழங்கால் வெடவெடங்குதுக்கா."

"உதைக்கிற குதிரைக்கிட்ட நடுங்காத முழங்காலா?"

"குதிரை சிரிக்காதுல்லக்கா" என்றார்.

அன்றைக்கே ருஃபீனோவிடம் பேசி முடித்துவிட்டார். மறுநாள் செருப்பு அளவு பார்க்க வந்த நயேலி, ஒரு காலில் போட்டுப் பார்த்துவிட்டு மறு காலில் போடாமலே உட்கார்ந்திருந்தாள்.

"சித்தப்பா நல்லாத்தான் ஆடுவார் அத்தை. ஆனா எனக்கு அப்பாதான் வேணும். கேட்டு, முடியாதுன்னுட்டா என்ன பண்றதுன்னு கேக்கவே இல்ல."

அன்று மாலையே மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். 'தாயே, அந்த மனுஷனை ஓட விடாதே' என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

விழா நாளில் எங்கள் சாமியார் பிரசங்கத்தை நீட்டிவிட்டார். மண்டபத்துக்குள் நுழையும்போதே எல்லார் வயிற்றிலும் பசி. நடுவில் போட்ட நாற்காலியில் ரோஜா நிறக் கவுன் பரப்பி நயேலி உட்கார்ந்தாள். மெத்தையில் வைத்த செருப்பை நான் கொண்டுபோய் நீட்டினேன். எவோதியோவின் முகம் வேர்த்துக் கொட்டியது. எல்லாக் கண்களும் தன் மேல் என்று தெரிந்ததும், மனுஷனுக்கு மூளை நின்றுவிட்டது. கை மட்டும் தனக்குத் தெரிந்த வேலையைப் பார்த்தது.

மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். குனிந்தார். அவள் பாதத்தைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"ஹோ... ஹோ... பொறு கண்ணு. என் தங்கமில்ல, ஒண்ணும் வலிக்காது" என்றபடி செருப்பை மாட்டி, சரியாக உட்கார்ந்ததா என்று அடியில் இரண்டு தட்டும் தட்டினார்.

"அண்ணே, ஆணி அடிக்க மறந்துட்டியே!" என்று ருஃபீனோ கத்தினான்.

மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. தொமித்தில்லா விசிறியால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் சிரித்தேன், மாதா மன்னிக்கட்டும். எவோதியோ காலை மெல்லக் கீழே விட்டார். அவர் பார்வை கதவுக்குப் போனது.

"அப்பா, இன்னொரு கால் இருக்கு" என்றாள் நயேலி. சிரித்துச் சிரித்து அவள் கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

ஒரு காலில் ஹீல்ஸும் ஒரு காலில் தட்டைச் செருப்புமாக மகளை விட்டுவிட்டு எந்த அப்பன் ஓடுவான்? இந்தத் தடவை முறைப்படி மண்டியிட்டார்.

"உனக்கு வெக்கமா இருக்காம்மா?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"இல்லப்பா. குதிரைங்ககிட்ட இவ்வளவு ஆசையா பேசுவீங்களா? என்கிட்ட ஒரு நாளும் பேசினதில்லயே."

அவர் மறு செருப்பையும் மாட்டிவிட்டார். வாத்தியம் தொடங்கிவிட்டது. ருஃபீனோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து கையை நீட்டினான்.

"நீங்க உக்காருங்க சித்தப்பா" என்று எழுந்தவள் ஹீல்ஸில் தள்ளாடினாள்.

"எனக்கு ஆடத் தெரியாதும்மா."

"எனக்கு இதுல நிக்கவே தெரியலப்பா. பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார். அதை வால்ட்ஸ் என்று சொன்னால் வாத்தியக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கவுனின் ஓரத்தை ஒரு தரம் மிதித்துக் கிழித்தார். மகள் காதில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார். என்ன பேசினார் என்று அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பாட்டு முடிந்துவிட்டது, அது அவருக்குத் தெரியவில்லை. வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது. போதும் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, சாமியாருக்குக்கூட.