காரைக்கால்மேட்டுக்குக் கிழக்கே ஒரு படகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. அதைவிட, மனிதர்களை நம்புகிற ஆளும் இல்லை. மளிகைக்கடையில் பருப்பு வாங்கினால் வீட்டுக்கு வந்து மறுபடி எடை போட்டுப் பார்ப்பேன், ஆட்டோக்காரர் குறுக்குவழியில் திரும்பினால் வண்டியை நிறுத்தச் சொல்வேன். என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பது இதைத்தான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கு ஒருவகையில் நிம்மதிதான்.

காரைக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். நெல் விவசாயக் குடும்பம், வயலை அண்ணனிடம் விட்டுவிட்டு மேஜைக்கு வந்தவன். எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது. அதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் கோபம் வரும். வானம், கடல், தரை எல்லாம் நிஜம் போலவே இருக்கும், ஆனால் பெரிய ஊர்களைத்தான் ஒழுங்காகச் செய்திருப்பார்கள். நம் ஊர் என்று போனால் சப்பையாக ஒரு பச்சைத் தரை, அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் எங்கிருந்தோ வந்த ஓட்டு வீடுகள். பார்க்கச் சகிக்காமல் நானே நம் கரையைச் செய்ய உட்கார்ந்தேன். இதற்குச் சீனரி என்று பெயர். செயற்கைக்கோள் படத்தை விரித்து அதன்மேல் கட்டடம் கட்டடமாக, தென்னை தென்னையாக நட வேண்டும். கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறைமுகம், கருக்களாச்சேரியில் வலை காய்கிற மணல் வரைக்கும் வைத்தேன். மூன்று வருட வேலை.

எனக்குச் சீனரி என்றால் யூசுப் பாய்க்கு ராணுவ விமானம். அவர் திருமலைராயன்பட்டினத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கரையோரம் ரோந்து போகிற இரண்டு இன்ஜின் விமானம் ஒன்றை ஆணி ஆணியாகச் செய்துகொண்டிருந்தார். அதன் பக்கவாட்டில் வெளியே புடைத்த மாதிரி ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு, கடலைக் கண்காணிக்கிற ஆள் உட்காருகிற இடம். மவுஸைத் தட்டினால் பைலட் சீட்டை விட்டு அந்த ஜன்னலுக்கு வந்துவிடலாம். அவருடைய விமானத்தையும் என்னுடைய கரையையும் ஒரே நாளில் இணையத்தில் இலவசமாக வெளியிடுவது என்று பேச்சு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதை வைத்துத்தான் எல்லாமே நடந்தது. அதற்கு முன்னால் என் சீனரியில் பாதியை எவனோ சுட்டு அவன் பெயரில் போட்டுவிட்டான். அதிலிருந்து நான் யாருக்கும் பூட்டாமல் எதையும் கொடுப்பதில்லை. சோதனைக்குக் கொடுக்கிற பிரதி ஓடும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது. நான் அப்படிச் செய்ததும் பாயும் விமானத்தைப் பூட்டியே கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார், ஆனாலும் சுட்டவனுக்குப் பிரதி போனது பாய் வழியாக இருக்குமோ என்று எனக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. அதை அவரிடம் கேட்டதும் இல்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு பாயின் விமானத்தை என் கரைமேல் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து மீனவக் கிராமமான காரைக்கால்மேட்டைத் தாண்டிக் கிழக்கே கொஞ்ச தூரம் போய், விமானத்தை வட்டமிடச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். கீழே கடலில் ஒரு நீல பைபர் படகு. அதில் இரண்டு பேர். ஒருவன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் வீசிக்கொண்டிருந்தான்.

நான் கடலில் படகே வைக்கவில்லை. என் கம்ப்யூட்டர் பழசு, திணறும் என்பதால் கப்பல், படகு எல்லாவற்றையும் அணைத்துத்தான் வைத்திருப்பேன். இணையத்தையும் பிடுங்கிவிடுவேன். விமானத்தை எடுத்துவிட்டு என் சீனரியில் மட்டும் வேறொரு விமானத்தில் போய்ப் பார்த்தேன், படகு இல்லை. சீனரியை எடுத்துவிட்டு பாயின் விமானத்தை மட்டும் ஓட்டினேன், அப்போதும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மட்டும் அதே இடத்தில் அந்தப் படகு. சரிதான், பாய் விமானத்துக்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார், நாளைக்கு என் சீனரியில்தான் கோளாறு என்று நாலு பேர் முன்னால் சொல்லப் போகிறார் என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, அட்சரேகை தீர்க்கரேகை எண்கள் தெரிகிற மாதிரி படம் எடுத்து போனில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் பார்த்தேன். படகு முந்தின நாள் இருந்த இடத்தில் இல்லை. தென்கிழக்கே நிறைய தூரம் தள்ளிப் போயிருந்தது. இரண்டு பேரும் இருந்தார்கள், சட்டை வீசியவன் இப்போது ஒரு கையால்தான் வீசினான், இன்னொரு கையை நெஞ்சோடு அணைத்திருந்தான். அடேயப்பா, நகருகிற மாதிரியே செய்திருக்கிறாரே என்று மனதுக்குள் பாயைப் பாராட்டக்கூடச் செய்தேன். அதையும் படம் எடுத்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கவிதா வேலைக்கு வரவில்லை. கவிதா எங்கள் ஆபீஸ் உதவியாளர், காரைக்கால்மேட்டுப் பெண். மத்தியானம் வாக்கில் தலை கூட வாராமல் வந்து என் மேஜை முன்னால் நின்றாள். வெள்ளிக்கிழமை விடிகாலை கடலுக்குப் போன அவள் புருஷன் மாரியப்பனும் கொழுந்தன் சங்கரும் திரும்பவில்லை. ஊரில் யாரும் தொழிலுக்குப் போகாமல் எல்லாப் படகும் தேடப் போயிருக்கின்றன, நாகூர், வேளாங்கண்ணிப் பக்கமெல்லாம் கரையோரம் பார்த்தாகிவிட்டது. மேலதிகாரிகளுக்கு மனு கொடுக்க வேண்டும், ஆபீஸில் எல்லோருக்கும் மனு எழுதுகிறவன் நான்தான் என்று என்னிடம் வந்திருக்கிறாள்.

என்ன படகு என்று கேட்டேன். நீல பைபர் என்றாள். போனில் இருந்த படகுதான் சட்டென்று நினைவுக்கு வந்தது. ஆனால் அடுத்த நொடியே என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? பாயின் கடைக்கு மேட்டு ஆட்கள் எல்லோரும் போன் ரிப்பேருக்கு வருவார்கள், அவருக்கு இது வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும், காணாமல்போன இரண்டு உயிரை வைத்து விளையாடியிருக்கிறார் என்றது. அவ்வளவு ஆத்திரம் வந்தது.

"எந்த எடத்துல இருக்கலாம்னு எழுதணுமாம் சார். எனக்கு என்ன சார் தெரியும்? நீங்களே பாத்து எழுதுங்க."

போன் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் எண்களோடு இரண்டு படங்கள் இருந்தன. நான் பேனாவை எடுத்து, காணாமல்போன இடம் என்பதற்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அன்று சாயங்காலம் பாயை போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். நான் முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"அல்லா மேல ஆணையா நான் வைக்கலங்க செந்தில். எனக்கும் அந்தப் போட்டு ஒரு தடவ தூரத்துல தெரிஞ்சுது. நீங்க வச்சதுன்னுதான் நெனச்சேன். எப்படியோ இருக்கட்டும், அந்த நம்பர மேட்டுல குடுத்துடுங்க. தப்பா இருந்தா நம்ம பேர்தான போவும்?"

நான் அதையும் நம்பவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்று சொல்லி ஒரு ஊர்ப் படகுகளையெல்லாம் வேறு திசைக்கு அனுப்பிவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அது நியாயமான கேள்விதான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நான் பயந்தது அதற்கல்ல. ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது பாயும் சேர்ந்து சிரிப்பார் என்றுதான் பயந்தேன். நீங்களும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது, விட்டால் போலீசுக்குப் போவேன் என்று மிரட்டினேன். படகு இருந்த இடத்தின் எண்களை அவர் குறித்து வைக்கவில்லை, அவை என்னிடம்தான் இருந்தன. அவர் சரி என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். படகைத் தேடிப் பிடிக்கவே நேரமானது, கோடியக்கரைக்கு நேர்கிழக்கே போயிருந்தது. இந்த முறை விமானத்தை மிகவும் தாழ இறக்கினேன், தண்ணீரை உரசுகிற மாதிரி. ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இன்னொருவன் படகுக்குள்ளே படுத்திருந்தான், முகத்தை ஒரு துணி மூடியிருந்தது. நின்றவன் எதையும் வீசவில்லை. சும்மா அண்ணாந்து என்னையே பார்த்தான். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். ஒழுங்காகக்கூட அணைக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கினேன்.

புதன்கிழமை விடிகாலை கோடியக்கரைப் பக்கத்து மீனவர்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். மாரியப்பன் உயிரோடு. சங்கர் இல்லை. இன்ஜினைச் சரிசெய்யப் போய்க் கை கிழிந்து, காய்ச்சல் கண்டு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டான். இருபத்துமூன்று வயது.

அன்றைக்குத்தான் ஒன்றைப் பார்த்தேன். பருப்பை இரண்டு முறை எடை போடுகிறவன், நாலு நாளாகப் பார்க்காத ஒன்று. பாய் எனக்கு விமானத்தைக் கொடுத்த கோப்பின் தேதி. வியாழக்கிழமை என்று இருந்தது. அதற்குப் பிறகு அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவர்கள் கடலுக்குப் போனதோ வெள்ளிக்கிழமை. பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் வாங்க உட்காருங்க என்று டீ சொன்னார். அந்த விமானத்தை அவர் வெளியிடவே இல்லை. நானும் கரையை வெளியிடாமல் அப்படியே கிடப்பில் போட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆபீஸில் இருந்து ஐந்து பேர் போனோம். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் மாரியப்பன் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அதற்கு முன் நேரில் பார்த்தது கிடையாது. ஆனால் பார்த்தவுடனே தெரிந்தது, அண்ணாந்து பார்த்த அதே முகம். யார் கேட்டாலும் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார், எங்களிடமும் சொன்னார்.

மூன்று தடவை விமானம் வந்ததாம். சனி, ஞாயிறு மத்தியானத்தில், செவ்வாய் பொழுது சாய்கிற நேரத்தில். எங்கள் மேனேஜர், அந்த நாளெல்லாம் மேகமூட்டத்தில் ஒரு விமானமும் கிளம்பவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்களே என்றார். மாரியப்பன் தலையை ஆட்டிக்கொண்டார்.

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னாங்க. ஆனா வந்துச்சு சார். சத்தமே இல்ல. நெழலு மேல விழுந்தப்பறம்தான் அண்ணாந்து பாத்தோம்."

பாய் அந்த விமானத்துக்குச் சத்தம் இன்னும் சேர்க்கவில்லை. அதைக் கடைசி வேலையாக வைத்திருந்தார். இது எங்கள் இருவரைத் தவிர இந்தப் பூமியில் யாருக்கும் தெரியாது.

"கடைசித் தடவ ரொம்ப கீழ வந்துச்சு. சன்னல்ல ஒரு ஆளு. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான், யூனிபாரம் கூட இல்ல, கைவச்ச பனியனு. நல்லாப் பாத்தான் சார். பாத்துட்டு ஏன் யாருகிட்டயும் சொல்லலன்னு அவன ஒரே ஒரு தடவ கேக்கணும்."

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் இதெல்லாம் பசி மயக்கத்தில் தெரிகிறது என்று என் காதில் சொன்னார். நான் ஆமாம் என்றேன். என் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது போலக் கையிலேயே வைத்துக்கொண்டேன், கிளம்புகிற வரைக்கும் போடவில்லை.

நான் இதுவரை அவர்களிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? படங்கள் போனில் இருக்கின்றன, அழிக்கவும் மனம் வரவில்லை. காட்டினால் நீங்களே வரைந்து செருகியதுதானே என்பீர்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் ஆளாக அதைத்தான் சொல்வேன்.

மாரியப்பன் இப்போது கடலுக்குப் போவதில்லை. தினமும் ஐந்தரைக்குக் கவிதாவைக் கூட்டிப்போக பைக்கில் வருகிறார். என் இடம் மாடியில், ஜன்னலோரம். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து ஜன்னலைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கழுத்தில் கிடக்கிற துண்டை எடுத்துத் தலைக்கு மேல் இரண்டு தடவை வீசுவார். கவிதாவைக் கூப்பிடுகிறார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவள் உட்காருவது கீழே, பின்பக்கம். இன்றைக்கும் வீசினார், நானும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.