ஜெஸ்டின் வண்டியின் முன் பிரேக்

செத்தவர்கள் திரும்பி வந்து வண்டியில் கைவைப்பார்கள் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. லூர்துபிரகாஷ் நம்பினார். தட்டாஞ்சாவடி லேத் பட்டறையில் வேலை, நூலளவு பிசகினாலும் முகம் சுளிக்கிற மனுஷன். அவரே நம்பினால் என்னைப் போன்றவன் என்ன செய்வது? பொழுது சாய்ந்தால் எதிர்வீட்டு நடையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அந்த நடையில்தான் அவருடைய அண்ணன் ஜெஸ்டினின் பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த அவர்கள் அப்பா, பென்ஷன் வந்த புதிதில் வாங்கியது. முன்னும் பின்னும் டிரம் பிரேக். மகள் ஜெர்லின் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, காலாப்பட்டுப் பக்கம் ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன மணலில் விழுந்து ஜெஸ்டின் செத்துப்போனார். வண்டிக்கு ஒரு கீறல்தான்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் முன் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். பிடித்தால் வண்டி குப்புறத் தூக்கிப் போட்டுவிடும் என்று பயம். மெக்கானிக்கிடம் போய், "முன்னால லூசா உட்டுடுப்பா" என்று சொல்லிச் செய்துகொள்வார்கள். ஜெஸ்டினும் அந்தக் கட்சி. தம்பி இறுக்கிக் கொடுப்பார், அண்ணன் வீட்டுக்கு வந்து தளர்த்திவிடுவார். விழுந்த அன்றும் அப்படித் தளர்த்தியிருப்பார், அதனால்தான் வண்டி நிற்கவில்லை என்பது லூர்துபிரகாஷின் முடிவு. அந்த முடிவைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் நிம்மதியாகச் சாப்பிட்டார், தூங்கினார்.

இந்த வருஷம் ஜெர்லின், கூட வேலை பார்க்கும் ஒருத்தரின் வண்டியில் ஓட்டப் பழகிவிட்டாள். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் வண்டியில்தான் கல்லறைக்குப் போவேன் என்று ஒரே பிடிவாதம். அதிலிருந்து லூர்துபிரகாஷ் ஞாயிறு பூசை முடிந்ததும் உழவர்கரையிலிருந்து நேராக இங்கே வந்துவிடுவார். ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவார். அச்சு நட்டைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடியே மறுபடி முடுக்குவார். அப்போதுதான் உள்ளே இருக்கிற இரண்டு பிரேக் கட்டைகளும் டிரம்மில் சமமாகப் படியுமாம். பிறகு கேபிள் நட்டைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருகி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். கட்டை உரசுகிற சத்தம் வந்ததும் நட்டை ஒரு துளி பின்னால் திருப்புவார். அவ்வளவுதான் வேலை.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் கேபிள் தொளதொளவென்று கிடக்கும். மறுபடி இறுக்குவார், மறுபடி அதே கதை.

"அண்ணந்தான். அதுக்கு டைட்டா இருந்தா புடிக்காது," என்றார் என்னிடம். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. இன்னொரு நாள் சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டு, "உம் பொண்ணு ஓட்டப் போறாண்ணே, உட்டுடுண்ணே," என்று அவர் கெஞ்சியதை என் காதாலேயே கேட்டேன்.

கல்லறைத் திருநாளன்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லூர்துபிரகாஷ் சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்தார். நானும் அவர் பின்னால் நடைக்குள் நுழைந்தேன். வண்டியின் முன்னால் ஜெஸ்டினின் மனைவி அகஸ்டினா குந்தியிருந்தார். கையில் குறடு. கேபிள் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணி," என்றார் லூர்துபிரகாஷ்.

அகஸ்டினா எழுந்திருக்கவில்லை. "எம் பொண்ணையும் தூக்கிப் போடணுமா தம்பி?"

"லூசா இருந்தாத்தான் ஆபத்து அண்ணி. அண்ணன் அன்னிக்குத் தளர்த்திட்டுப் போனதாலதான..."

"அவரு அன்னிக்குக் கையே வெக்கல." குரல் உயரவில்லை. "நான் பக்கத்துலதான் நின்னேன். தம்பி இவ்ளோ சொல்றான், ஒருநாளு அவன் வெச்சுக் குடுத்த மாதிரியே ஓட்டிப் பாக்குறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

இதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் வந்தவருக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார் இந்த அம்மாள். லூர்துபிரகாஷ் சுவரைப் பிடித்துக்கொண்டார். பேய் என்று பயந்துகொண்டிருந்ததே தேவலை என்றிருந்தது எனக்கு.

ஜெர்லின் ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். லூர்துபிரகாஷ் குனிந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தார். பிறகு வண்டியைத் தானே தெருவில் ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, அண்ணி பார்க்க வாசலுக்கு நேராக முன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி லேசாகக் குனிந்து, கோணாமல் நின்றது.

சாவியை ஜெர்லினிடம் கொடுத்தார். "நல்ல ரோட்டுல தைரியமா புடிம்மா. மணலைப் பாத்தா மட்டும் முன் பிரேக்கைத் தொடாத. சறுக்கிடும்."

"சரி சித்தப்பா," என்றாள் அவள்.

அகஸ்டினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அன்னிக்கு அவருகிட்ட சொன்னீங்களா தம்பி?"

லூர்துபிரகாஷ் இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஜெர்லின் பத்திரமாகவே கல்லறை வாசலில் இறங்கினாள். நாங்கள் பின்னாலேயே போனோம். மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, ஜெபமும் முடிந்து எல்லோரும் நகர்ந்துவிட்டோம். லூர்துபிரகாஷ் மட்டும் முட்டி போட்டபடியே இருந்தார். கூப்பிடலாம் என்று பக்கத்தில் போனேன். கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு, "மணல்ல முன் பிரேக்கைத் தொடாதண்ணே," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.