கணவாய்க் கருவாடும் இரண்டு அடுப்பும்

எங்கள் வீட்டில் அடுப்பு இரண்டு, அடுப்புக்கு ஒரு சட்டம். அப்பாவின் குடும்பம் பல தலைமுறையாகத் திருத்தணியில் உருது பேசிய ஹனபி மத்ஹபுக்காரர்கள்; மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டப் பிரிவு. கடலிலிருந்து மீனைத் தவிர வேறெதுவும் அவர்களுக்கு ஆகாது. உம்மா கடற்கரை ஊர்த் தமிழ், ஷாபி மத்ஹப். கடல் தருவதெல்லாம் ஆகும். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இமாம்கள் மரியாதையோடு வேறுபட்ட விஷயம் இது. வழியில் மரியாதை எங்கோ தொலைந்து, வேறுபாடு மட்டும் திருத்தணி வந்து சேர்ந்தது.

ஆண்டுக்கொருமுறை மாமா, மீன் கணக்கில் சேராத கணவாயைக் கருவாடாக்கி உம்மாவுக்கு அனுப்புவார். தபால்காரர் அந்தப் பார்சலைக் கையை நீட்டிப் பிடித்தபடி வருவார்.

வீட்டை ஆண்டது அப்பாவின் அக்கா. பூபி என்போம். உம்மாவின் சட்டியைக் கொல்லை அடுப்புக்குத் தள்ளியவள் அவள்தான்.

"இங்க வந்தப்புறமும் இன்னாடி உன் இமாம், என் இமாம்?"

"நிக்காஹ்ல ஊரத்தான் மாத்தச் சொன்னாங்க மச்சி. மத்ஹப மாத்தச் சொல்லல" என்று நாத்தனாருக்குப் பதில் சொன்னாள் உம்மா.

விதிப்படி உம்மா சொன்னதே சரி. பள்ளிவாசல் ஹஜரத்தும் அப்படியே சொன்னார். பூபி தீர்ப்பை ஏற்றாள், அடுப்பைச் சேர்க்கவில்லை.

எனக்குப் பத்து வயதானபோது, ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கியபடி துபாயிலிருந்து சாச்சா வந்தார், அப்பாவின் தம்பி. கொல்லையில் கணவாய் வெந்துகொண்டிருந்தது.

"ஹனபி, ஷாபி எல்லாம் நடுவுல வந்தது பாபி. இனிமே இந்த வூட்ல ஒரே அடுப்பு. கொண்டாங்க, நான் துண்றேன்" என்று அண்ணியான உம்மாவிடம் சொல்லிவிட்டுத் தட்டோடு உட்கார்ந்தார்.

உம்மா ஜெயித்துவிட்டாள் என்று நான் குதித்தேன். உம்மாவோ சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு இல்ல தம்பி."

"ஆகும்னுதான சொல்றேன்?"

"எனக்கு ஆகும்னு எங்க வாப்பா எப்பவோ சொல்லிட்டாங்க. இன்னிக்கி ஒங்க சொல்லுல இத நான் தின்னா, நாளைக்கி ஒங்க சொல்லுல விடணும்."

சாச்சா வாய் திறக்குமுன் வாசற்படியிலிருந்து பூபியின் குரல் வந்தது.

"எய்ந்திர்றா. பதினோரு வருசமா நானும் அவளும் சண்ட போட்டுகினு கீறோம். நீ யார்ரா நடுவுல?"

சாச்சா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார்.

உம்மா சாப்பிட உட்கார்ந்தாள். பூபி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கடைசிக் கவளம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகும் அடுப்பு இரண்டுதான்.

ஆகும் என்றவரை விரட்டிவிட்டு, ஆகாது என்றவளை அருகில் வைத்துக்கொண்டு உம்மா ஏன் அன்று அவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டாள்? கணவாய் சரியாக வேகவில்லை, மெல்ல நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.