டயாலிசிஸைத் தள்ளிப்போட்ட நாட்கள்

முதலில் பார்த்தது நுரையை. காலையில் சிறுநீர் கழித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் அது போகாது, கழிப்பறைக் கோப்பையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கழுவிய சோப்பு மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசி மழை முடிந்து ஏரிகளின் கலங்கலில் (உபரிநீர் வெளியேறும் இடம்) தண்ணீர் வழிந்துகொண்டிருந்த வாரம் அது. நினைவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து ஏரிகள் எந்த வருடம் நிரம்பின, எந்த வருடம் வறண்டன என்று விசாரித்துத் தொகுப்பது என் பொழுதுபோக்கு. பிழைப்புக்குத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பெயிண்ட், ஹார்டுவேர் கடை.

தை மாதம் கணுக்கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, மேலே வர நேரமெடுத்தது. நாளெல்லாம் நிற்கிற தொழில் என்பதால் கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது என் பழக்கம். அப்போதும் அதையே போட்டேன். அந்த வலி மாத்திரைகளும், பல வருடங்களாக யாரும் அளந்து பார்க்காத ரத்த அழுத்தமும் சேர்ந்து செய்ய வேண்டியதை அதற்குள் செய்து முடித்திருந்தன.

வீக்கம் வற்றாததால் செங்கல்பட்டுக்குப் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த சிறுநீரக மருத்துவர், ஐம்பது வயது இருக்கும் அம்மையார், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருக்கு சார். நாலாவது நிலைல இருக்கீங்க."

கிரியாட்டினின் (தசைகளிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் சேரும்) மிக அதிகமாக இருந்தது. கடைசியான ஐந்தாவது நிலையில் டயாலிசிஸ் (ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது) தேவைப்படும் என்றார். எனக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் அண்ணனுக்கும் இதே நோய்தான். அவரை மெஷினில் போட்ட வருடமே அவர் போய்ச் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் மெஷின் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இல்லாமல் போயிருந்தது.

"எவ்ளோ நாள் தள்ளிப் போட முடியும் டாக்டர்?"

"தள்ளிப் போடலாம். வராமலே பண்ண முடியாது. அதுக்குள்ள கையை ரெடி பண்ணி வெச்சிக்கிட்டா நல்லது."

கையைத் தயார் செய்வது என்றால் ஃபிஸ்டுலா (மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறு அறுவை, இயந்திரத்தின் ஊசி ஏற்க அந்தச் சிரை பருத்துக் கெட்டியாக வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம்). நான் மறுத்துவிட்டேன். குழியை வெட்டி வைத்துவிட்டு ஆளுக்காகக் காத்திருப்பது போல் இருக்கிறது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. உங்கள் அண்ணனைக் கொண்டுபோனது மெஷினா, மெஷினுக்குத் தாமதமாக வந்ததா என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குளத்தில் சங்கு பிறக்கும் ஊர்க்காரன் நான். எங்களுக்குக் காலம் நீளமானது. இரண்டு சங்கு, அதாவது இருபத்துநாலு வருடம், தள்ளிப் போட்டுவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டின் முழு வேலையும் சாப்பாடாகிவிட்டது. உப்பு குறைந்தது, பருப்பு குறைந்தது. பொட்டாசியம் (காய், பழங்களில் இருக்கும் தாது, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடக்கூடியது) பற்றி உணவு ஆலோசகர் விளக்கினார். காயைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். என் மனைவி கஸ்தூரி அதை ஒரு நாளும் தவறவிடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் என் காயை டப்பாவில் எடுத்து வருவாள்.

அவள் தம்பி செல்வம் மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். ஒரு கோடைக்காலத்து ஞாயிறு, வேனின் பின்பக்கத்தில் ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினான்.

"இன்னா மாமா, இப்டி எளச்சிப் பூட்ட? எளநி குடி. சூடு எறங்கும், கிட்னி க்ளீனா பூடும்."

"டேய், அத்த எட்த்துனு போடா," என்றாள் கஸ்தூரி. "பொட்டாசியம்டா அது."

"இன்னாக்கா நீ, டாக்டருக்குப் படிச்சவ மாரி பேசற?"

"ஆமாண்டா. உங்க மாமன கட்டிகினு அதான் படிச்சிகினு கீறன்."

இளநீரைத் தெருவில் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். நாங்கள் மூவரும் அன்று சிரித்தோம். இவ்வளவு கவனமாக இருக்கிறவர்களை நோய் என்ன செய்துவிடும் என்ற தைரியம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

வடித்த காய்க்குச் சுவை கிடையாது. ஈரத் துணியை மெல்வது போல் இருக்கும். தட்டில் எனக்கு ஆறுதலாக இருந்தது ரசம் மட்டும்தான். உப்பு குறைவாக இருந்தாலும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு நன்றாக வைப்பாள். இரண்டாவது கரண்டி கேட்டு வாங்குவேன். நான் விரும்பிச் சாப்பிட ஒன்றாவது இருக்கிறதே என்று அவளுக்கும் நிம்மதி.

ஆனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. மருத்துவர் குழம்பினார். வாழைப்பழம்? இல்லை. கீரை? இல்லை. சாதா உப்புக்குப் பதிலாக வேறு ஏதாவது உப்பு? இல்லை. ரத்த அழுத்த மாத்திரையால் இருக்கலாம் என்று அதை மாற்றினார். கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. கஸ்தூரி காயை இன்னும் சின்னதாக நறுக்கினாள்.

அடுத்த வருடம் ஆவணியில் ஒரு காலை, கடையில் பெயிண்ட் வாளி ஒன்றை எடுக்கக் குனிந்தேன். கால்கள் என்னுடையவையாக இல்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. எழுந்திரு என்று சொன்னால் கேட்கவில்லை, அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்தபடி நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். துடிப்பு வந்தது. அடுத்தது வருவதற்கு நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

செல்வம்தான் வேனில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனான். இதயத் துடிப்பை வரைந்த காகிதத்தைப் பார்த்ததும் அங்கே எல்லாரும் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். கை தயாராக இல்லாததால் கழுத்தின் பெரிய சிரையில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும், தோலுக்கு அடியில் ஒருவர் கை இறங்குவது தெரிந்தது. எந்த மெஷினைத் தள்ளிப்போட ஒன்றரை வருடம் ருசியில்லாமல் சாப்பிட்டேனோ, அதன் பக்கத்தில் படுத்திருந்தேன். என் ரத்தம் குழாய் வழியே வெளியே போனது. திரும்பி வந்தபோது குளிர்ந்திருந்தது. போர்வை கேட்டேன். போர்வை போதவில்லை.

மறுநாள் உணவு ஆலோசகர் வார்டுக்கு வந்தார். சின்ன வயதுப் பெண். கஸ்தூரியை உட்காரவைத்து, காலையில் அடுப்பைப் பற்றவைப்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். கஸ்தூரி சொன்னாள்: சீவுவது, நறுக்குவது, ஊறவைப்பது, வேகவைப்பது, வடிப்பது.

"வடிச்ச தண்ணிய இன்னா பண்ணுவீங்கக்கா?"

"ரசத்துல ஊத்துவேன்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார்.

"கீழ எதுக்கும்மா ஊத்தணும்? காயோட சத்தெல்லாம் அதுலதான கீது?" என்றாள் கஸ்தூரி. "எங்கம்மா வூட்லயும் அப்டித்தான். பருப்புத் தண்ணி, காய்த் தண்ணி, எல்லாம் ரசத்துக்குத்தான் போவும்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. காயிலிருந்து பொட்டாசியத்தைச் சொட்டுவிடாமல் பிரித்தெடுத்து, மிளகு தட்டிப் போட்டு, எனக்கு ஊற்றியிருக்கிறாள். நானும் இரண்டாவது கரண்டி கேட்டிருக்கிறேன். வாரத்தில் எத்தனை நாள் ரசம் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ரசம் இல்லாத நாள் எது?

"நானே ஊத்திக் குட்த்துகினு இருந்தேனா?" என்றாள் என்னைப் பார்த்து.

"யாருக்குக்கா தெரியும்? நம்மூர் ரசத்துக்கு இம்மாம் பவரா!" என்றான் செல்வம். யாரும் சிரிக்கவில்லை. அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

"எங்க மேலதான் தப்புக்கா," என்றார் உணவு ஆலோசகர். "வடிங்கன்னு சொன்னோம். கீழ ஊத்துங்கன்னு சொல்லல."

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் ஒரு கஸ்தூரி இருப்பார். வீணாக்கக் கூடாது என்று பழகிய கைகள் அவை. அதனால் எழுதுகிறேன்: வடித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். யார் கையாலாவது நீங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ளப்படுகிறீர்கள் என்றால், அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்று ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து பாருங்கள். நான் ஊர் ஏரிகளையெல்லாம் பார்த்தேன், என் வீட்டு அடுப்பைப் பார்க்கவில்லை.

பொட்டாசியம் இறங்கியது. மீதமிருந்த கொஞ்சம் சிறுநீரகம் மீண்டும் வேலையைத் தொடர்ந்தது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். ஃபிஸ்டுலாவுக்கு இம்முறை நான்தான் கேட்டேன். இடது மணிக்கட்டில் செய்தார்கள். காயம் ஆறியதும் அந்த இடத்தில் விரல் வைத்தால், தோலுக்குக் கீழே விடாமல் ஒரு அதிர்வு. செல்வம் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, வண்டி ஐட்லிங்ல நிக்கற மாரி கீது," என்றான். அந்தக் கையில் வேறு ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பை தூக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல அதைச் சுமந்து திரிந்தேன்.

கஸ்தூரி நெடுநாள் ரசமே வைக்கவில்லை, தனக்கும்கூட. காய் வடித்த தண்ணீரைக் கொல்லையில் சாக்கடை வரைக்கும் எடுத்துப்போய் ஊற்றிவிட்டு வருவாள். வழியில் இருக்கும் மல்லிச் செடிக்குக்கூட விட மாட்டாள். உன் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னேன். "தெரியும். அதான் பேஜாரா கீது," என்றாள்.

மெஷின் இல்லாமல் இன்னொரு மழைக்காலம் கடந்தது. அதை வெற்றி என்று எழுத எனக்கு ஆசைதான். வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்புகிற ருசி. காலையில் பல் துலக்கினால் குமட்டல். அரிப்பு தோலில் இல்லை, தோலுக்கு அடியில் எங்கேயோ, சொறிந்தால் எட்டாத இடத்தில். வாழ்நாளெல்லாம் புத்தகம் படித்தவன், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கேளம்பாக்கத்தில் மகள் வாங்கிய ஃப்ளாட்டின் கிரகப்பிரவேசத்துக்கும் போகவில்லை. விருந்துச் சாப்பாட்டு வாசனை தாங்காது என்று பயம். கஸ்தூரி மட்டும் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பினாள். தள்ளிப்போட்ட நாட்களில் என்ன செய்தாய் என்று கேட்டால், தள்ளிப்போட்டேன் என்பதுதான் என் பதில்.

பங்குனியில் மருத்துவர் முடிவுகளைப் பார்த்துவிட்டு, "நம்பரை மட்டும் பார்த்தா இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் சார். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"பொய் டாக்டர்," என்றாள் கஸ்தூரி. "துன்றதே இல்ல. ராவெல்லாம் ஒக்காந்துனு கீறாரு. பொண்ணு வூட்டையே இன்னும் பாக்கல."

மெஷினை எவ்வளவு தூரம் தள்ளினேனோ, அவ்வளவு தூரம் என்னையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. அண்ணனின் முகம் வந்தது. மெஷினை அவராகவே கேட்டு ஆரம்பிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. எனக்கு இருந்தது.

"ஆரம்பிச்சிடலாம் டாக்டர்," என்றேன்.

இப்போது செவ்வாய், வியாழன், சனி. ஊசிகள் தடிமனானவை, பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிறுநீர் நாளுக்கு நாள் குறைகிறது. ஒரு நாள் அது நின்றுபோகும், அதையும் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் நாட்களின் மாலையில் நான் பிழிந்து காயப்போட்ட துணி. மறுநாள் காலையில் வாயில் இரும்பு இருப்பதில்லை. ஒரு பக்கம் படித்தால் அடுத்த பக்கத்துக்குப் போக முடிகிறது. மகள் வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய்வந்தேன். சனிக்குப் பிறகு செவ்வாய் வரை மெஷின் இல்லை என்பதால் தண்ணீர் சேர்ந்து, ஞாயிறு இரவுக்குள் உடம்பு மீண்டும் கனக்கும், திங்களன்று மூச்சு வாங்கும்.

ஏரிகளை வருடக் கணக்கில் எழுதியவன் நான். இப்போது வருடம் என்ற அளவு என் கைக்கு எட்டுவதில்லை. வழியில் யாராவது எப்படி இருக்கீங்க என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் இன்று என்ன கிழமை என்று யோசிக்கிறேன்.