வேலைக்குப் போன மோர்மிளகாய்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை; ஆறாவது, எனக்குக் கட்டிவைத்த மனுஷன். லாபு தோட்டத்தில் அவர் லாரி ஓட்டினார், நான் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டேன். தோட்டத்தை விட்டுப் பாரோயில் வீடு வாங்கி வந்த பிறகு அவர் போய்ச் சேர்ந்தார், ஓடாத கார் ஒன்றை எனக்கு விட்டுவிட்டு. உயிரோடு இருந்தவரை ஒரு நல்ல பொருள் வாங்கித் தராதவர், போகும்போது தந்துவிட்டுப் போனார்.

வற்றல் போட்டு விற்பதுதான் அப்போதும் இப்போதும் என் தொழில். பாகற்காய், சுண்டைக்காய் எல்லாம் உண்டு, ஆனால் பேர் வாங்கியது மோர்மிளகாய். பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட கெட்டி மோரில் ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். பகலில் எடுத்துக் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் மொத்தமும் மிளகாய்க்குள் போன பிறகு, குலுக்கினால் விதை சலசலக்கிற வரைக்கும் காய வேண்டும். இதில் கஷ்டம் மிளகாயால் இல்லை, வெயிலால். இந்த ஊர் வெயில் காலையில் லேட்டாக வரும், மத்தியானம் உடம்பு சரியில்லை என்று எம்.சி. எடுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் மழை. போதாததற்குப் பின்பக்கக் காட்டுக் குரங்குகள். குரங்குக்கு மோர்மிளகாய் பிடிக்காது. ஆனால் பிடிக்காது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்க்கும்.

அதனால்தான் காருக்குள் வைத்தேன். ரோட்டோரம் வெயிலில் நின்ற கார். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகும், குரங்கு போகாது. முதல் நாள் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி மூடினேன். சாயங்காலம் பார்த்தால் கண்ணாடி முழுக்க வேர்வை, மிளகாய் அவித்த மாதிரி கொழகொழவென்று புளித்துக் கிடந்தது. அப்போதுதான் புகைக்கூடத்தில் எங்களை மேய்த்த மண்டோர் கத்தியது ஞாபகம் வந்தது: "ஏ புள்ள, மேல சன்னல தொற! தண்ணி எந்த வழியா போவும், உன் காது வழியாவா?" அடுத்த நாள் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டேன். உள்ளே இருந்த ஈரக் காற்று வெளியே போனது. மிளகாய் மொறமொறவென்று காய்ந்தது. அதிலிருந்து கார்தான் என் பேக்டரி.

ஒரு நாள் நகராண்மைக் கழகத்து ஆபீசர் வந்தார். மலாய்க்காரத் தம்பி. அனாதைக் கார்களை இழுத்துப் போகிற லாரியும் கூடவே வந்தது. கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி நாளாகிவிட்டது, நான்தான் அது நிழல் தட்டுகிறது என்று கிழித்துப் போட்டிருந்தேன்.

"மக்சிக், இந்தக் கார் ஓடுமா?" என்று அத்தை முறை வைத்து மலாயில் கேட்டார்.

"ஓடாது. நிக்கிற வேலைக்குத்தான் வச்சிருக்கேன்."

உள்ளே சமையல்கட்டு மாதிரி தட்டுகள் அடுக்கியிருந்ததை எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "இது காரா, குசினியா?"

"குசினின்னு எழுதிக்கிட்டுப் போய்டுங்க தம்பி."

எழுதவில்லை. வாசலுக்குள் தள்ளிக்கொள்ளச் சொன்னார். அங்கே கூரை. வெயில் படாத இடத்தில் காரை வைத்து என்ன செய்வது, பூஜையா போடுவது? மாட்டேன் என்றேன். தட்டுகளை இறக்க அவரே கை கொடுத்தார், நல்ல பையன்தான். லாரி காரைத் தூக்கிக்கொண்டு போனபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி என் தோளைப் பிடித்து, "அவர் நெனப்பு வந்துருச்சாக்கா?" என்று தேற்றினாள். மிளகாய் பாதி ஈரத்தில் நிற்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காதர் பாய் கடைக்கு மிளகாய் போக வேண்டும். வாழை இலைச் சாப்பாட்டுக்கு என் மிளகாய்தான் வைப்பார். போன தடவையே மழையால் தாமதமாகி, "அக்கா, இந்த வாட்டியும் வரலன்னா நான் பாக்கெட்டு மொளகா வாங்கிருவேன்லா" என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை பாக்கெட்டுக்குப் போனவர் திரும்பி வரமாட்டார். வெளியே வானம் கறுத்துக் கிடந்தது.

என் கடைசி மகன் குணா நீலாயில் ஒரு பேக்டரியில் சூப்பர்வைசர். அவன் கார் பகல் முழுக்க பேக்டரி வாசலில், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் நிற்கிறது. காலையில் பின்சீட்டில் தட்டுகளை அடுக்கினேன்.

"ம்மா, நான் சூப்பர்வைசர்மா. ஆபீஸ்ல சிரிப்பாங்க!"

"மொளகாயப் பாத்துச் சிரிக்கட்டும். இப்ப மட்டும் உன்னயப் பாத்து அழுவுறாங்களா? கண்ணாடிய ஒரு வெரல் எறக்கி வையி."

சாயங்காலம் கதவைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. கண்ணாடி அத்தனையும் மூடியபடியே இருந்தது.

"ஏன்டா எறக்கல?"

"திருடிட்டா?"

"மொளகாய எவன்டா திருடுவான்?"

"காரத் திருடுவாம்மா!"

"அந்த வாசத்தோட எவன்டா உன் கார ஓட்டுவான்?"

நல்லவேளை, ஏற்கெனவே பாதி காய்ந்த மிளகாய், புளிக்கவில்லை. அன்று ராத்திரி மின்விசிறிக்கு அடியில் பரப்பி வைத்தேன். மறுநாள் அவன் கண்ணாடியை இறக்கினான். இறக்கிவிட்டு, சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டிருக்கிறான், என் கோடீஸ்வரன். மழை தூறியதும் மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடி மூடியிருக்கிறான். வியாழக்கிழமை வரும்போது கண்ணாடிக்கு மேலே மழை தடுக்கிற பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருந்தது. தட்டைக் குலுக்கினேன். சலசலவென்றது.

வெள்ளிக்கிழமை காதர் பாய் என் எதிரிலேயே ஒரு மிளகாயை எண்ணெயில் போட்டார். ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். தெறிக்கவில்லை. உப்பி, கறுத்து, மிதந்து வந்தது. கடித்தார், நொறுங்கியது.

"மழையில எங்கக்கா காய வச்சீங்க?"

"நீலாய் பேக்டரில."

"பேக்டரியே தொறந்துட்டீங்களா? சொல்லவே இல்லலா!"

நான் ஏன் மறுக்க வேண்டும்? இன்று வரைக்கும் அந்தக் கடையில் என் மிளகாய் 'பேக்டரி மிளகாய்'. சாப்பிட வருகிறவர்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்.

புதிதாக வற்றல் போடுகிறவர்கள் அடுப்பு, மெஷின், லைட் என்று சூட்டை மட்டும் தேடுகிறார்கள். சூடு ஈரத்தைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். கிளம்பிய ஈரம் வெளியே போக வழி விடாவிட்டால் அது திரும்ப மிளகாய் மேலேயே உட்காரும். நெருக்கி அடுக்காதீர்கள். ஒரு விரல் சந்து விடுங்கள். மீன் மட்டும் மகன் காரில் வைக்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

யாழினி, பாட்டி சொல்லச் சொல்ல எழுதுனது போதும்மா. மொதல்லருந்து ஒரு தடவ படி. உங்கப்பன் குணா பேசுனத அப்படியே எழுதியிருக்கியா, இல்ல அவனுக்காகக் கொஞ்சம் பூசி மொழுகிட்டியான்னு நான் கேக்கணும்.